ப்ராசஸ் மெமரியைப் பற்றி கெர்னல் உளறாமல் இருக்க: லினக்ஸ் சர்வருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன் ஒரு கல்லூரி ஆய்வகத்தின் பொது சர்வரைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு வந்தது. மாணவர்கள் எல்லோருக்கும் அதில் கணக்கு உண்டு. முதல் நாள் மாலை, எந்தச் சிறப்பு அதிகாரமும் இல்லாத ஒரு சோதனைக் கணக்கில் நுழைந்து, என்னென்ன ஓடுகிறது என்று பார்க்க ‘பிஎஸ் ஏயூஎக்ஸ்’ என்று அடித்தேன். நடுவில் ஒரு வரி கண்ணில் பட்டது. டேட்டாபேஸை பேக்கப் எடுக்கும் ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட், அதன் வாலில் ‘--பாஸ்வேர்ட்=’, அதைத் தொடர்ந்து கடவுச்சொல் முழுதாக. யாரும் எதையும் உடைக்கவில்லை. லினக்ஸின் மையமான கெர்னலிடம் கேட்டேன், கெர்னல் சொல்லிவிட்டது.

அன்றிலிருந்து எந்த லினக்ஸ் சர்வர் என் கைக்கு வந்தாலும் நான் செய்யும் வேலைகளை வரிசையாக இங்கே எழுதுகிறேன். கட்டளைகளையும் அமைப்புகளின் பெயர்களையும் ஒலிப்படி தமிழில் தருகிறேன்; டெர்மினலில் அடிக்கும்போது வழக்கமான எழுத்துகளில் அடித்துக்கொள்ளுங்கள். சோதனை சர்வரில் ஒருமுறை செய்து பார்த்துவிட்டு, அப்புறம் உண்மையான சர்வருக்குப் போங்கள்.

எது கசிகிறது, அதனால் என்ன?

கசிவு இரண்டு வகை. ஒன்றில் உள்ளடக்கமே வெளியே வரும்: கடவுச்சொல், தனிச்சாவி, வேறொருவரின் தரவு. இன்னொன்றில் முகவரி வெளியே வரும்: இந்த ப்ராசஸின் (ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோக்ராமின்) ஸ்டாக் எனும் தற்காலிகத் தரவுப் பகுதி எங்கே, லிப்சி என்ற பொது லைப்ரரி எங்கே ஏறியிருக்கிறது, கெர்னலுக்குள் இந்த ஃபங்ஷன் எங்கே. முதல் வகையைக் கண்டால் யாரும் பதறுவார்கள். இரண்டாவதை ‘வெறும் எண்தானே’ என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதிகக் கவலை தருவது அந்த எண்தான்.

காரணம் ஏஎஸ்எல்ஆர், அதாவது மெமரியில் இடங்களைக் கலைத்து வைக்கும் ஏற்பாடு. 2005-இல் வந்த 2.6.12 கெர்னலிலிருந்து லினக்ஸ் ஒவ்வொரு முறையும் ஸ்டாக்கையும் லைப்ரரிகளையும் வெவ்வேறு இடத்தில் வைக்கிறது. ப்ரோக்ராமில் பஃபர் ஓவர்ஃப்ளோ (ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எழுத விடும் பிழை) ஒன்று கிடைத்தாலும், எந்த முகவரிக்குத் தாவுவது என்று தாக்குபவருக்குத் தெரியாது. தவறாக ஊகித்தால் ப்ரோக்ராம் செத்துவிடும், லாகிலும் தடயம் விழும். ஆனால் ஒரே ஒரு பாயின்டர், அதாவது மெமரி முகவரி, கசிந்தால் கதை மாறிவிடும். லிப்சிக்குள் ஒரு ஃபங்ஷனுக்கும் இன்னொன்றுக்கும் இடையே உள்ள தூரம் மாறாதது. ஒன்றின் முகவரி தெரிந்தால் மீதியைக் கூட்டிக் கழித்துக் கண்டுபிடித்துவிடலாம். கெர்னலுக்கான இதே ஏற்பாடு கேஏஎஸ்எல்ஆர். 2014-இல் 3.14 கெர்னலில் எக்ஸ்86-க்கு வந்தது, 2017-இல் 4.12-இலிருந்து தானாகவே இயங்குகிறது. அதற்கும் இதே பலவீனம் உண்டு.

2009-இல் ஜூலியன் டின்னஸ், டாவிஸ் ஓர்மாண்டி இருவரும் காட்டியது இதற்கு நல்ல உதாரணம். ப்ராசஸ்களின் விவரங்களை கெர்னல் ஃபைல்களாகக் காட்டும் இடம் /ப்ராக்; அதில் /ப்ராக்/பிஐடி/ஸ்டாட் (பிஐடி என்பது ப்ராசஸின் எண்) என்ற ஃபைல் யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடியது. அதில் அந்த ப்ராசஸின் ஸ்டாக் பாயின்டரும், எந்தக் கட்டளையில் நிற்கிறது என்ற முகவரியும் அப்படியே இருந்தன. ஏஎஸ்எல்ஆர் ஒரு பக்கம் இடத்தை மறைக்க, இந்த ஃபைல் மறுபக்கம் அதை விளம்பரப்படுத்திக்கொண்டிருந்தது. அதன் பிறகு, அனுமதி உள்ளவருக்கு மட்டும் உண்மையான எண், மற்றவருக்குப் பூஜ்யம் என்று மாற்றினார்கள். அத்துடன் முடியவில்லை. 4.8-க்கு முந்தைய கெர்னல்களில், ஒரு செட்யூஐடி ப்ரோக்ராம் (யார் ஓட்டினாலும் அதன் உரிமையாளரின், பெரும்பாலும் நிர்வாகியான ரூட்டின், அதிகாரத்தில் ஓடுவது) ஏறிக்கொண்டிருக்கும்போது அதன் அதிகாரம் ரூட்டுக்கு மாறுவது கொஞ்சம் தாமதமாக நடந்தது. அந்த நொடிக்கும் குறைவான இடைவெளியில் ஸ்டாட் ஃபைலைப் படித்தால் முகவரிகள் கிடைத்துவிடும். பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2019-11190 என்று பதிவானது இதுதான். ஒரு கதவைப் பூட்டிய பிறகும் சாவித்துளை வழியாகப் பார்க்கிறார்களா என்று கவனிக்க வேண்டியிருக்கிறது என்பதை நான் இதிலிருந்துதான் கற்றேன்.

தொடங்கும் முன்: சாதாரண யூசராக நின்று பாருங்கள்

புதிதாக ஒரு கணக்கு தொடங்குங்கள். சூடோ குழுவில் சேர்க்க வேண்டாம். அந்தக் கணக்கிலிருந்து கீழே உள்ளவற்றைப் பார்த்து, விடைகளை ஒரு தாளில் குறித்து வையுங்கள். எல்லாம் முடிந்த பின் இதே கேள்விகளை மறுபடி கேட்கப் போகிறோம்.

‘கேட் /ப்ராக்/செல்ஃப்/மேப்ஸ்’ என்று அடித்தால் உங்கள் சொந்த ப்ராசஸின் மெமரி வரைபடம் வரும். ஒரு வரியை நிதானமாகப் படியுங்கள். இடது ஓரத்தில் கோடு போட்டுப் பிரித்த இரண்டு எண்கள், அந்தத் துண்டு தொடங்கும் இடமும் முடியும் இடமும். பக்கத்தில் நான்கு எழுத்துகள்: படிக்கலாமா, எழுதலாமா, இயக்கலாமா, பகிரப்பட்டதா என்று. அப்புறம் ஃபைலில் அது எந்த இடத்திலிருந்து வந்தது, எந்த டிஸ்க், ஐநோட் எண். வலது கோடியில் ஃபைலின் பெயர். லிப்சி என்று முடியும் வரியைப் பாருங்கள். தாக்குபவர் தேடுவது அந்த வரியின் முதல் எண்ணைத்தான். அதே கட்டளையை மறுபடி அடித்தால் எண் மாறியிருக்கும். மாறாவிட்டால் ‘கெர்னல்.ரேண்டமைஸ்_விஏ_ஸ்பேஸ்’ 2-ஆக இல்லை என்று அர்த்தம். முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

அடுத்து, வேறொரு யூசருடைய ப்ராசஸின் மேப்ஸைக் கேளுங்கள். அனுமதி இல்லை என்று வர வேண்டும். அதே ப்ராசஸின் சிஎம்டிலைனை, அதாவது அதைத் தொடங்கிய கட்டளை வரியைக் கேளுங்கள். இது வந்துவிடும். பிறகு கெர்னல் ஃபங்ஷன்களின் பட்டியலான /ப்ராக்/கால்சிம்ஸ் ஃபைலின் முதல் சில வரிகள்: முகவரி இருக்கும் இடத்தில் 0000000000000000 இருந்தால் நல்லது. கடைசியாக, கெர்னல் லாகைக் காட்டும் ‘டிமெசேஜ்’ ஓடுகிறதா என்று பாருங்கள்.

படி 1: மற்றவர்களின் ப்ராசஸ்களை மறைப்பது

நான் கண்ட அந்தக் கடவுச்சொல் கசிந்தது சிஎம்டிலைன் ஃபைல் வழியாக. அது எல்லோருக்கும் திறந்திருப்பது பிழையில்லை, பழைய யூனிக்ஸ் வழக்கம். இதை மூட ப்ராக் ஃபைல்சிஸ்டத்துக்கே ஒரு மவுண்ட் விருப்பம் இருக்கிறது: ‘ஹைட்பிஐடி’. 2012-இல் 3.3 கெர்னலில் வந்தது. மதிப்பு 1 என்றால் மற்றவர்களின் பிஐடி அடைவுகள் கண்ணுக்குத் தெரியும், உள்ளே நுழைய முடியாது. 2 என்றால் தெரியவே தெரியாது. 2020-இல் வந்த 5.8 கெர்னலில் 4 சேர்ந்தது. நீங்கள் ப்டிரேஸ் செய்ய (டீபக்கர் போல உள்ளே புகுந்து பார்க்க) அனுமதி உள்ள ப்ராசஸ்களை மட்டும் அது காட்டும்.

முதலில் தற்காலிகமாக: ‘மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,ஹைட்பிஐடி=2 /ப்ராக்’. சோதனைக் கணக்கில் ‘பிஎஸ் ஏயூஎக்ஸ்’ அடித்தால் இப்போது உங்கள் ப்ராசஸ்கள் மட்டும் வர வேண்டும். சரியாக இருந்தால் எஃப்எஸ்டேப் ஃபைலில் ப்ராக்குக்கான வரியில் நிரந்தரமாக எழுதிவிடலாம்.

இங்கேதான் பலருக்குக் கை சுடும். சிஸ்டம்டி-லாகின்டி, போல்கிட் போன்ற சேவைகள் மற்றவர்களின் ப்ராசஸ்களைப் பார்க்க வேண்டியவை. கண்ணைக் கட்டிவிட்டால் லாகின் தாமதமாகும், செஷன் உருவாகாமல் போகும். அதனால் ‘ப்ராக்’ என்று ஒரு குழு உருவாக்கி, மவுண்ட் விருப்பத்தில் ‘ஜிஐடி=’ என்று அந்தக் குழுவின் எண்ணைக் கொடுங்கள். பாதிக்கப்படும் சேவைகளின் யூனிட்டுக்கு ‘சப்ளிமெண்டரிக்ரூப்ஸ்=ப்ராக்’ என்று ஒரு ட்ராப்-இன் எழுதுங்கள். மனிதர்கள் யாரையும் அந்தக் குழுவில் போடாதீர்கள்.

டெஸ்க்டாப் போன்ற சிக்கலான அமைப்பு என்றால் முழு சிஸ்டத்துக்கும் ஹைட்பிஐடி போடுவதை விட, சேவை வாரியாக மூடுவது எளிது. சிஸ்டம்டி 247-லிருந்து ‘ப்ரொடெக்ட்ப்ராக்=இன்விசிபிள்’, ‘ப்ராக்சப்செட்=பிஐடி’ என்று இரண்டு வசதிகள் உண்டு. வெளியுலகத்துக்குத் திறந்திருக்கும் வெப் சர்வர், மெயில் சர்வர் யூனிட்டுகளில் முதலில் இவற்றைப் போடுங்கள். அந்தச் சேவையை யாராவது கைப்பற்றினாலும் அங்கிருந்து அக்கம்பக்கத்தை வேவு பார்க்க முடியாது.

ஹைட்பிஐடி அடைவை மறைக்கும், ப்ராசஸ் இருப்பதை மறைக்காது. ஒரு பிஐடிக்கு ‘கில் -0’ அனுப்பினால் அது இருக்கிறதா இல்லையா என்று இன்னமும் தெரிந்துவிடும். அது எனக்கு உறுத்தவில்லை. கட்டளை வரியும் நிலைத் தகவலும் மறைந்தாலே பெரிய வெற்றி.

படி 2: ஒரே யூசருக்குள் நடக்கும் திருட்டு

இதுவரை பார்த்தது யூசருக்கும் யூசருக்கும் நடுவே சுவர் எழுப்புவது. ஒரே யூசரின் இரண்டு ப்ராசஸ்களுக்கு நடுவே அந்தச் சுவர் கிடையாது. உங்கள் ப்ரவுசரில் யாராவது ஓட்டை போட்டால், அதே யூசராக ஓடும், ரகசியம் வைத்திருக்கும் இன்னொரு ப்ராசஸின் மெமரியை /ப்ராக்/பிஐடி/மெம் வழியாகவோ ப்டிரேஸ் மூலமாகவோ படிக்கலாம்.

இதற்கு யாமா என்ற பாதுகாப்பு மாட்யூல் இருக்கிறது. கீஸ் குக் எழுதியது, உபுண்டுவில் 10.10-இலேயே இந்தக் கட்டுப்பாடு வந்துவிட்டது, மையக் கெர்னலில் 2012-இல் 3.4-இல் சேர்ந்தது. ‘கெர்னல்.யாமா.ப்டிரேஸ்_ஸ்கோப்’ என்பதன் மதிப்பு 1 என்றால், தான் பெற்ற குழந்தை ப்ராசஸை மட்டும் ஒருவர் ப்டிரேஸ் செய்யலாம். 2 என்றால் நிர்வாகி அதிகாரம் வேண்டும். 3 என்றால் யாராலும் முடியாது, மறுபடி பூட் செய்யும் வரை அதைத் தளர்த்தவும் முடியாது. டெவலப்பர்கள் இருக்கும் இயந்திரத்தில் 1 போதும். ஜிடிபி என்ற டீபக்கருக்குள்ளிருந்து ப்ரோக்ராமைத் தொடங்கினால் வழக்கம்போல் வேலை செய்யும், ஓடிக்கொண்டிருப்பதில் போய் ஒட்டுவதுதான் தடைபடும். உற்பத்தி சர்வரில் நான் 2 வைக்கிறேன்.

பலரும் கவனிக்காத ஒரு நுணுக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். கெர்னலுக்குள் இந்த அனுமதிச் சோதனை இரண்டு தரத்தில் இருக்கிறது: ‘படிக்க’ ஒன்று, ‘ஒட்ட’ ஒன்று. மெம் ஃபைலும் ப்ராசஸ்_விஎம்_ரீட்வி என்ற சிஸ்டம் காலும் ‘ஒட்ட’ வகை. மேப்ஸும், ப்ராசஸின் என்விரான்மென்ட் வேரியபிள்களைக் காட்டும் என்விரானும் ‘படிக்க’ வகை. யாமா தலையிடுவது ‘ஒட்ட’ வகையில் மட்டும். ஆகவே ப்டிரேஸ்_ஸ்கோப்பை 2 ஆக்கிவிட்டேன் என்று நிம்மதியாக இருந்தாலும், அதே யூசரின் இன்னொரு ப்ராசஸ் உங்கள் என்விரான் ஃபைலைத் திறந்து, அதில் ஏபிஐ சாவி இருந்தால் எடுத்துக்கொண்டு போகலாம். கட்டளை வரியில் கடவுச்சொல் வைக்காதே என்று சொன்னவுடன் எல்லோரும் அதை என்விரான்மென்ட் வேரியபிளுக்கு மாற்றுகிறார்கள். அதில் பாதிப் பிரச்சினைதான் தீர்கிறது. இதற்கு என்ன செய்வது என்று கடைசிப் படியில் சொல்கிறேன்.

6.12 அல்லது அதற்குப் பிந்தைய கெர்னல் என்றால் ‘ப்ராக்_மெம்.ஃபோர்ஸ்_ஓவர்ரைடு’ என்ற பூட் விருப்பமும் உண்டு. மெம் ஃபைல் வழியாக அணுகும்போது பக்கங்களின் எழுதத் தடை போன்ற அனுமதிகளை மீற விடுவதா என்று அது தீர்மானிக்கும். ‘ப்டிரேஸ்’ என்று கொடுத்தால் டீபக்கர்கள் வேலை செய்யும், மற்றவர்களுக்குத் தடை.

படி 3: கெர்னல் தன் முகவரியைச் சொல்லாமல் இருக்க

/இடிசி/சிஸ்சிடிஎல்.டி அடைவில் 99 என்று தொடங்கும் பெயரில் ஒரு ஃபைல் திறந்து, கீழே வரும் நான்கையும் அதில் எழுதி, ‘சிஸ்சிடிஎல் --சிஸ்டம்’ ஓட்டுங்கள்.

‘கெர்னல்.கேபிடிஆர்_ரெஸ்ட்ரிக்ட்’ 2. இது 2011-இல் 2.6.38-இல் வந்தது. 1 என்றால் சிஸ்லாக் அதிகாரம் உள்ளவர் கெர்னல் முகவரிகளைப் பார்க்கலாம். 2 என்றால் ரூட்டுக்கும் பூஜ்யம்தான். கெர்னலை ஆராய பெர்ஃப் (வேகத்தை அளக்கும் கருவி) ஓட்டுபவர்கள் இருந்தால் 1-இல் நிறுத்துங்கள்.

‘கெர்னல்.டிமெசேஜ்_ரெஸ்ட்ரிக்ட்’ 1. கெர்னல் லாகில் ட்ரைவர்கள் எதையெல்லாம் எழுதுகின்றன என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. ஒரு கிராஷ் நடந்தால் ரெஜிஸ்டர்கள் முழுக்கக் கொட்டப்படும். அதைச் சாதாரண யூசர் படிக்க எந்த நியாயமும் இல்லை.

‘கெர்னல்.பெர்ஃப்_ஈவென்ட்_பாரனாய்டு’ குறைந்தது 2. டெபியன் கெர்னலில் 3 வரை போகலாம். இதற்கும் கால்சிம்ஸுக்கும் ஒரு மறைமுகத் தொடர்பு இருக்கிறது. கேபிடிஆர்_ரெஸ்ட்ரிக்ட் 0-ஆகவும் இது 1 அல்லது அதற்குக் கீழாகவும் இருந்தால், கால்சிம்ஸின் முகவரிகள் எல்லா யூசர்களுக்கும் திறந்துவிடும். யாரோ ஒருவர் பெர்ஃப் வேலை செய்யவில்லை என்று இரண்டையும் இறக்கிவைத்து, மறந்துவிட்டுப் போயிருப்பார். நான் பார்த்த இயந்திரங்களில் கேஏஎஸ்எல்ஆர் வீணாகியிருந்ததற்கு அடிக்கடி இதுதான் காரணம்.

‘கெர்னல்.அன்பிரிவிலேஜ்டு_பிபிஎஃப்_டிசேபிள்டு’ 1 அல்லது 2. கெர்னலுக்குள் சிறு ப்ரோக்ராம்களை ஓட்ட விடும் பிபிஎஃப் வசதியைச் சாதாரண யூசர்களுக்கு இது மூடும். 1 வைத்தால் பூட் வரை மாற்ற முடியாது, 2 வைத்தால் நிர்வாகி மாற்றலாம்.

கெர்னல் தரப்பிலும் 4.15-இல் ஒரு பெரிய மாற்றம் வந்தது. லாகில் எழுதும் பிரிண்ட்கேயில் சதவீதக்குறியும் பி-யும் போட்டு ஒரு பாயின்டரை அச்சிட்டால், முன்பு உண்மையான முகவரி போகும். இப்போது ரகசியச் சாவியால் ஹாஷ் செய்த எண் போகிறது. ட்ரைவர் எழுதுபவர் மறந்தாலும் கசியாது. ஆயிரக்கணக்கான இடங்களில் கெர்னல் பாயின்டரை அச்சிடுகிறது, ஒவ்வொன்றாகத் திருத்தியிருந்தால் இன்னும் முடிந்திருக்காது. பூட் வரியில் ‘நோ_ஹாஷ்_பாயின்டர்ஸ்’ இருந்தால் இது அணைந்துவிடும். /ப்ராக்/சிஎம்டிலைனில் அந்தச் சொல் இல்லை என்று உறுதிசெய்யுங்கள்.

/ப்ராக்/பிஐடி/பேஜ்மேப் ஃபைலைப் பற்றி நீங்கள் செய்ய ஒன்றுமில்லை, கெர்னல் புதிதாக இருந்தால் போதும். ரேமில் பக்கத்து பிட்களைப் புரட்டிவிடும் ரோஹேமர் தாக்குதலுக்கு ஒரு பக்கம் ரேமில் உண்மையாக எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும், அதை இந்த ஃபைல் சொல்லிக்கொண்டிருந்தது. 2015-இல் கூகுள் ப்ராஜெக்ட் ஸீரோ அதைச் செய்து காட்டியதும், அதிகாரம் இல்லாதவர்களுக்கு அந்த எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டார்கள்.

படி 4: கோர் டம்ப்

ஒரு ப்ராசஸ் கிராஷ் ஆனால் அதன் மெமரி அப்படியே ஃபைலாகிறது. அதில் எல்லாம் இருக்கும்: சாவி, கடவுச்சொல், யாரோ சற்றுமுன் அனுப்பிய படிவம்.

2025 மே மாதம் குவாலிஸ் நிறுவனம் வெளியிட்ட சிவிஇ-2025-4598-ஐப் படித்தால் இது எவ்வளவு உயிருள்ள பிரச்சினை என்று புரியும். சிஸ்டம்டி-கோர்டம்ப் என்ற சேவை, கிராஷ் ஆன ப்ராசஸ் யாருடையது என்று தெரிந்துகொள்ள /ப்ராக் அடைவைப் பார்க்கிறது. தாக்குபவர் ஒரு செட்யூஐடி ப்ராசஸை வேண்டுமென்றே கிராஷ் செய்து, சேவை வந்து பார்ப்பதற்குள் அதே பிஐடியில் ஒரு சாதாரண ப்ராசஸை உட்கார வைக்கிறார். சேவை ஏமாந்து, ரூட்டின் டம்பை அவர் படிக்கும்படி வைத்துவிடுகிறது. யூனிக்ஸ்_சிஎச்கேபிடபிள்யூடி என்ற சிறு ப்ரோக்ராமின் டம்பிலிருந்து கடவுச்சொல் விவரங்கள் இருக்கும் ஷேடோ ஃபைலின் ஹாஷ்களை எடுத்துக் காட்டினார்கள். உபுண்டுவின் கிராஷ் அறிக்கைக் கருவியான ஆப்போர்ட்டிலும் இதே போன்ற ஓட்டை, சிவிஇ-2025-5054.

ஆகவே ‘எஃப்எஸ்.எஸ்யூஐடி_டம்பபிள்’ 0 ஆக்குங்கள். செட்யூஐடி ப்ரோக்ராம்களுக்கு டம்பே கிடையாது என்றாகிவிடும். டம்ப் தேவையே இல்லாத சர்வரில் சிஸ்டம்டியின் கோர்டம்ப்.கான்ஃபில் ‘ஸ்டோரேஜ்=நன்’, ‘ப்ராசஸ்சைஸ்மேக்ஸ்=0’ என்று எழுதிவிடுங்கள். ‘யூலிமிட் -சி 0’ போட்டுவிட்டேனே என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். டம்ப் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் கோர்_பேட்டர்ன் ஒரு பைப் குறியோடு தொடங்கினால், டம்ப் நேராக ஒரு ப்ரோக்ராமுக்குப் போகும். அந்த வழிக்கு இந்த வரம்பு பொருந்தாது. ‘கேட் /ப்ராக்/சிஸ்/கெர்னல்/கோர்_பேட்டர்ன்’ அடித்து முதல் எழுத்தைப் பாருங்கள்.

டம்பைப் போலவே மெமரி டிஸ்க்குக்குப் போகும் இன்னொரு வழி ஸ்வாப், ரேம் போதாதபோது பயன்படும் டிஸ்க் பகுதி. அதை என்க்ரிப்ட் செய்யுங்கள். சீரற்ற சாவியோடு ஒவ்வொரு பூட்டிலும் புதிதாக உருவாக்கினால் போதும், கடவுச்சொல் கேட்டுக்கொண்டு நிற்காது. ஹைபர்னேட் செய்யும் மடிக்கணினிக்கு மட்டும் இது ஒத்துவராது, நிலையான சாவி வேண்டும்.

படி 5: துடைக்காத பலகை

கெர்னல் கசிவுகளில் பெரும் பங்கு இந்த வகை, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். கெர்னல் ஒரு பஃபரை எடுக்கிறது. அதில் முன்பு இருந்த பழைய தரவு அப்படியே கிடக்கிறது. தனக்குத் தேவையான இடத்தை மட்டும் நிரப்பி, முழு பஃபரையும் யூசரிடம் கொடுத்துவிடுகிறது. வகுப்பறையில் கரும்பலகையின் ஒரு மூலையில் மட்டும் எழுதிவிட்டு, முந்தைய வகுப்பில் எழுதியதையும் சேர்த்துப் படமெடுத்து அனுப்புவது போல.

சி மொழியில் இது எவ்வளவு எளிதாக நடக்கும் என்று பாருங்கள். ஒரு ஸ்ட்ரக்டில் முதலில் ஒரு கேரக்டர், அடுத்து ஒரு லாங். 64-பிட்டில் கணக்குப் போட்டால் 1 பைட்டும் 8 பைட்டும் சேர்ந்து 9. ஆனால் கம்பைலர் அதற்கு 16 பைட் ஒதுக்கும். நடுவே 7 பைட் வெற்றிடம். நீங்கள் இரண்டு புலங்களையும் ஒழுங்காக நிரப்பியிருந்தாலும் அந்த 7 பைட்டில் பழைய ஸ்டாக் தரவு உட்கார்ந்திருக்கும். யூசருக்கு நகலெடுத்துக் கொடுக்கும் காப்பி_டு_யூசர் அதையும் சேர்த்து அனுப்பிவிடும். ப்ரோக்ராம் வரிகளைப் படித்தால் தவறு எதுவும் கண்ணில் படாது.

உண்மையில் நடந்த ஒன்று, சிவிஇ-2020-28588. 5.1 கெர்னல் உருவாகும்போது நுழைந்த பிழை. /ப்ராக்/பிஐடி/சிஸ்கால் என்ற ஃபைல், ஒரு ப்ராசஸ் எந்த சிஸ்டம் காலில் நிற்கிறது, அதற்கு என்ன ஆறு மதிப்புகள் கொடுத்தது என்று காட்டும். அந்த ஆறுக்கும் 64-பிட் இடம், அதாவது 48 பைட், ஒதுக்கியிருந்தார்கள். 32-பிட் ஏஆர்எம்மில் ஆறு மதிப்புகளும் சேர்ந்து 24 பைட்தான். அச்சிடும்போது மட்டும் 48 பைட்டும் போகிறது. மீதி 24 பைட்டில் கெர்னல் ஸ்டாக்கில் அந்த நேரத்தில் என்ன கிடந்ததோ அது. முறையான ஒரு ஃபைலை முறையாகப் படித்தாலே கசிவு. அதே வருடம் பதிவான சிவிஇ-2020-10732-ம் இந்தக் குடும்பம்தான். கோர் டம்ப் எழுதும்போது துடைக்காத கெர்னல் மெமரி அதற்குள் போய்விட்டது.

இதற்கு என் முதல் பரிந்துரை ‘இனிட்_ஆன்_அலாக்=1’ என்ற பூட் விருப்பம். 2019-இல் 5.3-இல் வந்தது; கெர்னல் மெமரியைக் கொடுக்கும்போதே பூஜ்யமாக்கிக் கொடுக்கும். பெரும்பாலான வேலைகளில் வேகம் 1 சதவீதத்துக்கும் குறைவாகவே குறையும் என்று கெர்னலின் சொந்தக் குறிப்பே சொல்கிறது. ‘இனிட்_ஆன்_ஃப்ரீ=1’ விடுவிக்கும்போது துடைக்கும்; அதற்கு 3 முதல் 5 சதவீதம் ஆகும். முதலாவதை எல்லா இடத்திலும் போடுங்கள். இரண்டாவது, மெமரியில் ரகசியம் நீண்ட நேரம் கிடக்கக் கூடாத இயந்திரங்களுக்கு. ஜிஆர்யூபி அமைப்பில் சேர்த்து, அப்டேட்-ஜிஆர்யூபி ஓட்டி, மறுபடி பூட் செய்த பின் /ப்ராக்/சிஎம்டிலைனில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

இவை ஹீப்புக்கும் பக்கங்களுக்கும். ஸ்டாக்குக்கு கம்பைல் செய்யும்போதே ‘கான்ஃபிக்_இனிட்_ஸ்டாக்_ஆல்_ஸீரோ’ வேண்டும். கிளாங் அல்லது ஜிசிசி 12-உடன் கட்டிய கெர்னலில் இருக்கும். /பூட் அடைவில் உங்கள் கெர்னலின் கான்ஃபிக் ஃபைலைக் கிரெப் செய்தால் தெரிந்துவிடும். கூடவே ‘கான்ஃபிக்_ஹார்டன்டு_யூசர்காப்பி’ இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு பொருளின் எல்லையைத் தாண்டிக் காப்பி எடுக்க முயன்றால் அது தடுக்கும்.

நீங்களே மாட்யூல் எழுதுபவர் என்றால், யூசருக்குப் போகும் ஸ்ட்ரக்ட் எதுவானாலும் முதலில் மெம்செட், பிறகு புலங்கள். அடைப்புக்குறி போட்டுத் துவக்கினால் போதும் என்று நம்பாதீர்கள், வெற்றிடங்களைத் துடைப்பதாக சி மொழி வாக்குத் தரவில்லை. சோதனைக்கு 6.1-இலிருந்து கேஎம்சான் கெர்னலிலேயே இருக்கிறது. துடைக்காத பைட் யூசருக்குப் போகும் இடத்தைப் பிடித்துக் காட்டும்.

படி 6: சிபியு வழியாகக் கசிவது

2018 ஜனவரி 3 அன்று மெல்ட்டவுன் வெளியானபோது, கெர்னலில் எந்தப் பிழையும் இல்லாமலே சாதாரண ப்ராசஸ் கெர்னல் மெமரியைப் படிக்க முடியும் என்று தெரிந்தது. கெர்னலின் பக்க அட்டவணையைத் தனியாகப் பிரிக்கும் பிடிஐ அதற்கு மருந்தாக வந்தது. அப்புறம் எல்1டிஎஃப், எம்டிஎஸ், டவுன்ஃபால் என்று இதே போன்ற சிபியு ஓட்டைகள் வரிசையாக வந்தன.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது. /சிஸ்/டிவைசஸ்/சிஸ்டம்/சிபியு/வல்னரபிலிட்டீஸ் அடைவில் உள்ள எல்லா ஃபைல்களையும் கிரெப் செய்து படியுங்கள். ‘வல்னரபிள்’ என்று தொடங்கும் வரி எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் பெரும்பாலும் மைக்ரோகோடு தொகுப்போ கெர்னலோ பழையது. ‘எஸ்எம்டி வல்னரபிள்’ என்று வால் இருந்தால், ஒரே கோரில் ஓடும் இரண்டு த்ரெட்களுக்கு இடையே கசியலாம் என்று பொருள். ஒன்றையொன்று நம்பாத யூசர்கள் பகிரும் இயந்திரத்தில் ‘நோஎஸ்எம்டி’ போடுவதை நான் தயங்காமல் செய்வேன். தனி ஆளின் இயந்திரத்தில் செய்ய மாட்டேன். வேகம் கூடும் என்று யாரோ எழுதியதைப் படித்து, இந்தத் தற்காப்புகளை அணைக்கும் ‘மிட்டிகேஷன்ஸ்=ஆஃப்’ போட்டிருந்தால் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

படி 7: ரூட்டிடமிருந்தும் மறைக்க வேண்டுமானால்

இது எல்லோருக்கும் தேவைப்படாது. 2019-இல் 5.4-இல் சேர்ந்த லாக்டவுன் மாட்யூலில் ‘கான்ஃபிடென்ஷியாலிட்டி’ நிலை வைத்தால், /ப்ராக்/கேகோர் போன்ற வழிகளில் ரூட்டே கெர்னல் மெமரியைப் படிக்க முடியாது. ஹைபர்னேட் போய்விடும், பிபிஎஃப் வழியாக கெர்னலை ஆராயும் கருவிகள் பல நின்றுவிடும். கண்காணிப்புக் கருவிகள் அவற்றை நம்பியிருந்தால் முதலில் சோதித்துப் பாருங்கள்.

படி 8: ப்ரோக்ராம் தன் பங்குக்குச் செய்ய வேண்டியது

கெர்னலின் வாயை எவ்வளவு அடைத்தாலும், ரகசியத்தை ப்ரோக்ராமே தெருவில் வைத்தால் பயனில்லை. அந்த பேக்கப் ஸ்கிரிப்டுக்கு நான் செய்தது இது: கடவுச்சொல்லை 0600 அனுமதி உள்ள ஒரு ஃபைலுக்கு மாற்றி, ஸ்கிரிப்டுக்கு ஃபைலின் பெயரை மட்டும் கொடுத்தேன். கடவுச்சொல்லையும் மாற்றினேன், அது எத்தனை நாள் எத்தனை பேர் கண்ணில் பட்டதென்று தெரிய வழியில்லை. இன்று செய்வதானால் சிஸ்டம்டியின் ‘லோட்கிரெடென்ஷியல்=’ பயன்படுத்துவேன். என்விரானிலும் தெரியாது, கட்டளை வரியிலும் தெரியாது, அந்தச் சேவைக்கு மட்டும் கிடைக்கும்.

நீங்கள் எழுதும் ப்ரோக்ராம் சாவிகளை வைத்திருக்கிறது என்றால், தொடக்கத்திலேயே பிஆர்சிடிஎல் மூலம் ‘பிஆர்_செட்_டம்பபிள்’ 0 ஆக்குங்கள். கோர் டம்ப் நிற்கும். அதன் /ப்ராக் ஃபைல்கள் ரூட்டுக்குச் சொந்தமாகிவிடும். படி 2-இல் சொன்ன என்விரான் பிரச்சினைக்கும் இதுவே விடை, ஏனென்றால் அதே யூசரின் பிற ப்ராசஸ்களால் இனி ‘படிக்க’ வகையில்கூட நுழைய முடியாது. எஸ்எஸ்எச் சாவிகளை மெமரியில் வைத்திருக்கும் எஸ்எஸ்எச்-ஏஜென்ட் இதைத்தான் செய்கிறது. ஓப்பன்எஸ்எஸ்எச் 2019-இல் 8.1 பதிப்பில் இன்னும் ஒரு படி போனது: தனிச்சாவியைப் பயன்படுத்தாத நேரத்தில், 16 கிலோபைட் சீரற்ற தரவிலிருந்து பிறக்கும் ஒரு சாவியால் அதை மெமரிக்குள்ளேயே என்க்ரிப்ட் செய்து வைக்கிறது. பக்கவாட்டுக் கசிவில் ஒவ்வொரு பிட்டும் கொஞ்சம் பிழையோடுதான் வரும். 16 கிலோபைட்டையும் பிழையே இல்லாமல் எடுத்தால்தான் சாவி கிடைக்கும் என்பது அவர்கள் கணக்கு. எனக்கு மிகவும் பிடித்த தற்காப்பு இது.

மற்றபடி, சாவி இருக்கும் பக்கங்களுக்கு எம்லாக் (ஸ்வாப்புக்குப் போகாது), ‘எம்ஏடிவி_டோன்ட்டம்ப்’ (டம்பில் சேராது). வேலை முடிந்ததும் எக்ஸ்ப்ளிசிட்_பிஸீரோ. சாதாரண மெம்செட்டைக் கம்பைலர் ‘இனி யாரும் படிக்கவில்லையே’ என்று நீக்கிவிடக்கூடும். 5.14-இல் வந்த மெம்எஃப்டி_சீக்ரெட் கிடைத்தால் அதைப் பயன்படுத்துங்கள். அந்தப் பக்கங்கள் கெர்னலின் சொந்த வரைபடத்திலிருந்தே நீக்கப்பட்டிருக்கும்.

மறுபடி அதே சோதனைக் கணக்கு

இப்போது தொடக்கத்தில் குறித்து வைத்த தாளை எடுங்கள். சாதாரண யூசராக நுழைந்து: பிஎஸ்ஸில் உங்கள் ப்ராசஸ்கள் மட்டும். மற்றவர் சிஎம்டிலைன், அப்படி ஒரு ஃபைலே இல்லை. கால்சிம்ஸில் பூஜ்யங்கள். டிமெசேஜ், அனுமதி இல்லை. ‘ஸ்லீப் 1000’ ஒன்றைப் பின்னணியில் ஓடவிட்டு, இன்னொரு டெர்மினலிலிருந்து ஜிடிபியால் ஒட்டப் பாருங்கள், மறுக்க வேண்டும். அதே ஸ்லீப்புக்கு ‘கில் -எஸ்இஜிவி’ அனுப்பி, டம்ப் எங்காவது விழுந்ததா என்று தேடுங்கள். கான்ஃபிக் விருப்பங்களைக் கண்ணால் தேடுவதற்குப் பதில், அலெக்சாண்டர் போபோவின் கெர்னல்-ஹார்டனிங்-செக்கர் கருவியை ஓட்டினால் விடுபட்டதைப் பட்டியலிட்டுத் தரும். அது சொல்வதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு செய்யாமல், உங்கள் வேலைக்கு எது பொருந்தும் என்று பார்த்துச் செய்யுங்கள்.

இந்தச் சோதனைகளை ஒரு சிறு ஷெல் ஸ்கிரிப்டாக எழுதி, ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டுக்குப் பிறகும் அந்தச் சோதனைக் கணக்கின் பெயரிலேயே ஓடும்படி வைத்திருக்கிறேன். ஒருமுறை அது சிவப்பாகக் காட்டியது: அவசரத்துக்கு யாரோ பெர்ஃப் ஓட்ட இறக்கிவைத்த இரண்டு மதிப்புகள் அப்படியே கிடந்தன. பத்து நிமிடத்தில் திருப்பி வைத்தேன்.